நகல் கேட்டோம், தள்ளுபடி கிடைத்தது

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் சைக்கிளை மறித்தார். தளவானூர்க்காரர். முகம் தெரியும், பெயர் தெரியாது.

"மாஸ்டர், உங்களத்தான் தேடிக்கினு இருந்தேன். தங்கச்சிக்குக் கோர்ட்ல தீந்துபோச்சி. அந்த விவாகரத்துக் காகிதம் ஒண்ணு வோணும். எப்பிடி வாங்கறதுன்னு உங்களக் கேட்டாத் தெரியும்னாங்க."

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஊரே சொல்கிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவன், வாராவாரம் பத்திரிகையில் ஏதோ கிறுக்குகிறவன் என்று இருந்த பெயர் போய், இப்போது நான் 'விவாகரத்து மாஸ்டர்'. என் மனைவிக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

"ரொம்ப சுலபம். ஒரு மனு எழுதிக் கொடுத்தால் நகல் கொடுத்துவிடுவார்கள்" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். போன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. பட்டப்பகலில், ஒரு நல்ல மனிதரிடம், இப்படியா ஒரு பொய் சொல்வது? ஆகவே அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் இந்தப் பத்திரிகை படிக்கிறவராக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

என் இன்ஸ்டிடியூட் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருக்கிறது. கீழே அலமேலுவின் தையல் மெஷின். மேலே நாங்கள் தடதடப்போம், கீழே அவள் கடகடப்பாள். சிங்கவரத்துப் பெண். முப்பது வயதிருக்கும். செஞ்சியில் அவள் தைத்த ரவிக்கை போடாத வீடு குறைவு.

அவளுடைய கணவர் சபாபதி, மல்லாட்டை மண்டித் தரகர். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிறோம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர், 'ஒத்துவரவில்லை' என்று கோர்ட்டில் விவாகரத்து மனு போட்டார். ஒத்துவரவில்லை என்று ஒரு காரணம் சட்டத்திலேயே இல்லை. அது வக்கீல் பாடு. சில மாதம் கழித்து, 'கோர்ட்டில் முடிந்துவிட்டது' என்று ஊருக்கெல்லாம் சொன்னார். ஊரும் தலையாட்டியது. மறுவருஷம் அவருக்கு இன்னொரு கல்யாணம், சாப்பாடெல்லாம் போட்டு. இப்போது இரண்டு குழந்தைகள். அலமேலு தன் அப்பா வீட்டுக்கு வந்து, மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

போன கார்த்திகையில் அவள் மாடிப்படி ஏறி வந்தாள். டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போகும்வரை ஓரமாக நின்றாள்.

"மாஸ்டர், எனக்கு ஒரு எடத்துல கேக்கறாங்க. சீயமங்கலம் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. மொதச் சம்சாரம் தவறிட்டாங்க. அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு... கோர்ட்டுத் தீர்ப்புக் காகிதம்."

"எதற்காம்?"

"சர்க்கார் சம்பளமாச்சே. புருசன் உயிரோட இருக்கறவளக் கட்டிக்கினா வேலை பூடுமாம். காகிதம் இருந்தா, தை மாசம் வச்சிக்கலாம்னாரு."

வரதட்சணை கேட்காமல் காகிதம் கேட்கிற மாப்பிள்ளையை அன்றுதான் கேள்விப்பட்டேன். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மெஷினில் தாளைச் செருகினேன்.

இங்கேதான் என் கெட்ட புத்தி வேலை செய்தது. நான் எழுத்தாளன் அல்லவா? 'காப்பி' என்று எழுதலாமா? 'நகல்' என்று எழுதலாமா? அவையெல்லாம் கடன் வாங்கிய சொற்களாயிற்றே. நல்ல தமிழில் 'படி' என்று ஒரு சொல் இருக்கும்போது... அடித்தேன் ஐயா அழகாக: 'எங்கள் மணவிலக்குத் தீர்ப்பின் படி தரும்படி வேண்டுகிறேன்.' எழுதிவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன். இசையாக இருந்தது.

அலமேலு கையெழுத்துப் போட்டாள். தபாலில் ஜில்லா கோர்ட்டுக்குப் போயிற்று.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: 'தீர்ப்பின்படி எதைத் தர வேண்டும் என்று விளக்கவும்.'

புரிகிறதா? நான் கேட்டது தீர்ப்பினுடைய படி. அவர்கள் படித்தது தீர்ப்பின்படி. தீர்ப்பில் சொன்ன ஏதோ ஒன்றை வாங்கித் தரச் சொல்கிறாள் இந்த அம்மாள் என்று முடிவு கட்டி, தீர்ப்பை நிறைவேற்றுகிற செக்ஷனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஒரு குமாஸ்தா மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கார்த்திகை என்னால் வீணாயிற்று.

"இன்னா மாஸ்டர், தப்பா எழுதிட்டீங்களா?" என்றாள் அலமேலு.

"சரியாகத்தான் எழுதினேன். அதுதான் தப்பு" என்றேன்.

இரண்டு பஸ் மாறி நேரிலேயே போனோம். நான், அலமேலு, துணைக்கு அவளுடைய அப்பா. அவர் அதிகம் பேசாதவர். நகல் செக்ஷன் ஜன்னலில் இருந்த குமாஸ்தா, எங்களைப் பார்க்காமலே கை நீட்டினார்.

"நம்பர்?"

"என்ன நம்பர்?"

"மனு நம்பர், வருஷம். அது இல்லாம எப்பிடித் தேடறது?"

"நம்பர் எதில் இருக்கும்?"

"தீர்ப்பு நகல்ல முதல் வரியிலயே இருக்கும்" என்றார், மிகவும் உதவியாக.

அலமேலு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆறு வருசம் இருக்குங்க. மல்லாட்டை புடுங்கற சமயம். சம்மன் கொண்டாந்தவரு கூட ஒரு மடி மல்லாட்டை வாங்கிக்கினு போனாரு."

"மல்லாட்டைக்கெல்லாம் இங்க ரிஜிஸ்டர் கிடையாதும்மா. நீ மனுதாரரா, எதிர்மனுதாரரா, மூணாம் பேர்வழியா?"

"பொண்டாட்டிங்க."

"பொண்டாட்டியா, பழைய பொண்டாட்டியா?"

"அதத் தெரிஞ்சிக்கறதுக்குத்தாங்க காகிதம் கேக்கறோம்" என்றாள்.

அப்போதுதான் அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. கோர்ட்டில் சிரிப்பதற்கும் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டுமோ என்னவோ.

திரும்பும் வழியில் அவளுடைய அப்பா முதல் முறையாக வாய் திறந்தார். அந்தச் சம்மன் காகிதம் வீட்டில் இருக்கிறது என்றார். டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் விரித்திருக்கிறாராம், கெட்டிக் காகிதமாக இருந்ததால். இதைப் போகும்போது சொல்லியிருக்கலாம் இல்லையா? கேட்டேன். "யாரும் கேக்கலியே" என்றார்.

சம்மனில் நம்பர் இருந்தது. மறுபடி மனு எழுதினேன். இந்தத் தடவை இலக்கியத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, 'நகல் வேண்டும்' என்று இரண்டே சொல். மனுவை வாங்கிக்கொண்ட குமாஸ்தா, "நோட்டீஸ் போர்டைப் பாத்துக்கிங்க" என்றார்.

வாசகர்களே, நகல் வாங்குவதில் கழுத்தறுப்பான கட்டம் இதுதான். மனு கொடுத்துவிட்டால் நகல் வந்துவிடாது. தீர்ப்பு எத்தனை பக்கம் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். அதற்கு இத்தனை ஸ்டாம்ப் பேப்பர் வேண்டும் என்று ஒரு லிஸ்ட் எழுதி, கோர்ட்டு வராந்தாவில் உள்ள போர்டில் ஒட்டுவார்கள். என்றைக்கு ஒட்டுவார்கள்? அவர்களுக்கே தெரியாது. உங்களுக்கு ஒரு கார்டு போட்டுச் சொல்வார்களா? மாட்டார்கள். ஒட்டிய மூன்றாம் நாளுக்குள் நீங்கள் ஸ்டாம்ப் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால், உங்கள் மனுவைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். செஞ்சியில் இருக்கிற ஒரு தையல்காரி, இரண்டு பஸ் தள்ளி இருக்கிற ஒரு சுவரைத் தினமும் வாசிக்க வேண்டும் என்று சர்க்கார் எதிர்பார்க்கிறது. இது ஒன்றும் ரகசியக் காகிதம் இல்லை, கேட்டால் தர வேண்டியதுதான். ஆனால் கேட்கிறவன் சாகிறவரை கேட்க வேண்டும்.

முதல் தடவை அடித்துவிட்டார்கள். இரண்டாம் தடவை, என் மச்சினன் அந்த ஊரில் தங்கிப் படிக்கிற ஞாபகம் வந்தது. அவனுடைய காலேஜ் வழியில்தான் கோர்ட்டு. தினமும் போர்டைப் பார்த்தான். லிஸ்ட் ஒட்டிய அன்றே தந்தி அடித்தான். விழுந்தடித்துக்கொண்டு ஓடி ஸ்டாம்ப் பேப்பர் கொடுத்தோம். ஒரே ஒரு தாள்தான் கேட்டிருந்தார்கள். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்... ஒரு கல்யாணத்தை முறிக்கிற தீர்ப்பு ஒரே தாளிலா அடங்கும்? எனக்கு உறைக்கவில்லை.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது நகல் கைக்கு வந்தது. கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்று பிரித்தேன். இங்கிலீஷில் இரண்டு வரி. படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"இன்னான்னு போட்டிருக்குது?" என்றாள் அலமேலு.

தமிழில் சொன்னேன். "மனுதாரர் ஆஜராகவில்லை. மனு தள்ளுபடி."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "அதாங்க. தள்ளுபடி. அப்பவே சொன்னாங்க. அப்ப சரியாத்தான் இருக்குது. மடிச்சிக் குடுங்க மாஸ்டர், மழைத் தூத்தல் போடுது."

இந்த வேலையை யாராவது செய்துவிட மாட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அவளுடைய அப்பா டீக்கடைப் பக்கம் போயிருந்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அலமேலு, தள்ளுபடி என்றால் மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். உன்னை இல்லை. சபாபதி கேட்ட விவாகரத்தைக் கோர்ட்டு கொடுக்கவில்லை."

"அப்பிடின்னா?"

"இன்றைக்கும் நீதான் அவர் பெண்டாட்டி."

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆறு வருசமாவா?" என்றாள். அவ்வளவுதான். என் கையிலிருந்து தாளை வாங்கி மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சபாபதி பொய் சொல்லி ஏமாற்றினார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மண்டிக்கே போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அந்த மனிதர் நிதானமாகச் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஃபிரேமைக் கழற்றிக் கொண்டுவந்தார். உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், வக்கீல் குமாஸ்தா எழுதிய ஒரு தபால் கார்டு. 'தங்கள் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. இனிமேல் தாங்கள் வர வேண்டியதில்லை.'

"பாத்தீங்களா மாஸ்டர், தெளிவா எழுதிக்கீறாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் பெண்டாட்டியை வேண்டாம் என்று விட்டவனைத் 'தள்ளி வைத்துவிட்டான்' என்பார்கள். தள்ளி வைப்பது கணவன், தள்ளுபடி செய்வது கோர்ட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று அவர் கணக்கு. மல்லாட்டை சீசன் என்று மூன்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்தார். கோர்ட்டு மனுவைத் தூக்கி எறிந்தது. அந்தத் தோல்வியைக் கண்ணாடி போட்டு மாட்டி, ஆறு வருஷம் ஊதுவத்தி காட்டியிருக்கிறார்.

"பெண்டாட்டி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் ஜெயில் என்று தெரியுமா?" என்றேன்.

அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்துகொண்டார். ஃபிரேமை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் இன்ஸ்டிடியூட்டில் கூட்டம். டைப் மெஷின்களுக்கு நடுவே சபாபதி, அலமேலு, அவளுடைய அப்பா, ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர். அவர் ஜவுளிக்கடை முதலாளி. அன்றைக்கு அந்தத் தபால் கார்டை வைத்துப் பஞ்சாயத்து செய்தவரும் அவர்தான். தள்ளுபடி என்றால் அவருக்குத் தீபாவளி சீசன்தான் தெரியும், பாவம்.

"நடந்தது நடந்துபோச்சி" என்று ஆரம்பித்தார் முதலாளி. "அந்தப் பக்கம் ரெண்டு புள்ளைங்க இருக்குது. இந்தக் காகிதத்த யாரு பாக்கப் போறாங்க? கிழிச்சிப் போட்டுட்டு, அலமேலு, நீயும் கோயில்ல வச்சித் தாலியக் கட்டிக்க. ஊர் ஏத்துக்கும்."

கவனித்தீர்களா? ஆறு வருஷத்துக்கு முன்னால், யாரும் பார்க்காத தீர்ப்புக் காகிதத்தை நம்பி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது கண்ணால் பார்த்த காகிதத்தைக் கிழிக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரிய மனுஷர்களுக்குக் காகிதத்தின்மேல் உள்ள மரியாதை அப்படி. எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை விட்டு எழுந்தேன். அலமேலு கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"முதலாளி, அன்னிக்கு உங்க கடைலதான் பேசினீங்க. தள்ளுபடி ஆயிடுச்சி, இனிமே உனக்கு இன்னா உரிமைன்னு கேட்டு, எல்லாரு முன்னாலயும் தாலியக் கழட்ட வச்சீங்க. நைனா கூட அயுதாரு."

முதலாளி டைப் மெஷினைப் பார்த்தார்.

"இப்ப நாந்தான் பொண்டாட்டின்னு கோர்ட்டே சொல்லுது. அந்தத் தாலியக் கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்க."

சபாபதி வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். முதலாளிதான் கேட்டார். "இன்னாப்பா, எங்க அது?"

"அது... அவ கழுத்துல இருக்குதுங்க" என்றார் சபாபதி. "நல்ல பவுனாச்சேன்னு... அதையே கட்டிட்டேன்."

அலமேலுவின் அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் அலமேலுவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். காறித் துப்புவாள் என்றுகூட நினைத்தேன். துப்பியிருந்தால் என் தரையாயிற்றே என்று கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

"வோணாம்" என்றாள் கடைசியில். "கழுத்துலருந்து கழட்டிக் குடுக்கறது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சி? அவ கழுத்துலயே இருக்கட்டும். நான் போலீசுக்கும் போவல. ஆனா காகிதம் கிழிக்க மாட்டேன். முறையா ஒரு காகிதம் வாங்காம யாருக்கும் கழுத்த நீட்டவும் மாட்டேன். நானே கேஸ் போடறேன். நீ வந்து நிக்கணும்."

சபாபதியைப் பார்த்து 'நீ' என்றாள். ஆறு வருஷமாக அவளுக்கு அவர் 'அவரு'.

முதலாளிக்குக் கடை ஞாபகம் வந்தது. போய்விட்டார்.

வக்கீலைப் பார்த்தோம். கணவன் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துவதே போதுமான காரணம் என்றார் அவர். தீர்ப்பு வந்தாலும் ஒரு வருஷம் பொறுத்துத்தான் மறுமணம் செய்துகொள்ளலாம் என்பதையும் சொன்னார். தை போயிற்று. அடுத்த தையும் நிச்சயம் இல்லை. சீயமங்கலம் வாத்தியாருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். சொல்லலங்காரம் ஒன்றும் இல்லாமல்தான் எழுதினேன். நான்கு நாள் பதில் இல்லை. அந்த நான்கு நாளும் கீழே மெஷின் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்டது. ஐந்தாம் நாள் ஒரு கார்டு வந்தது. 'பரவாயில்லை. காத்திருக்கிறேன்.' அதை அவளிடம் கொடுத்தபோது வாங்கிப் படித்துவிட்டு, ரவிக்கைத் துணியைத் தலைகீழாக வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். நான் பார்க்காததுபோல் மாடி ஏறிவிட்டேன்.

மனுவை நானே டைப் அடித்தேன். அலமேலு பக்கத்தில் நின்றாள்.

"இதுல யாரு பேரு மொதல்ல வரும், மாஸ்டர்?"

"மனு போடுகிறவர் பேர்."

"அப்ப என் பேர நல்லாக் கெட்டியா அடிங்க."

கெட்டியாகவே அடித்தேன். ரிப்பன் கிழிந்தது.

இப்போது கேஸ் நடக்கிறது. இரண்டு வாய்தா ஆகிவிட்டது. அலமேலு போவதற்கு முன்பே சபாபதி போய்க் கோர்ட்டு வராந்தாவில் நிற்கிறார், மல்லாட்டை சீசனாவது ஒன்றாவது. அவர் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு முறைப்படி தாலி கட்ட வேண்டுமானால், அதற்கு முன்னால் இங்கே தீர்ந்தாக வேண்டும் அல்லவா? அதனால் நாட்டிலேயே தன்மேல் போட்ட மனு தள்ளுபடி ஆகிவிடக் கூடாதே என்று சிங்கவரம் ரங்கநாதருக்கு நேர்ந்துகொண்டிருக்கிற ஒரே எதிர்மனுதாரர், எங்கள் செஞ்சி சபாபதிதான்.